இரண்டாவது வரிசைப் புள்ளிகள்

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பல் துலக்கிக்கொண்டே சிவபிரகாஷ் ஒரு சபதம் எடுத்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்குள் அந்த ரெக்கார்டு பிளேயரைச் சரியான வேகத்தில் ஓடவைத்தே தீருவது. அதுவும் தன் கையால். முக்கியமாக, மனைவி கோகிலவாணியின் யோசனை எதையும் காதில் வாங்காமல். வாய் நிறைய நுரை இருந்ததால் சபதம் வெளியே கேட்கவில்லை. நல்லவேளை.

சபதத்துக்குக் காரணம் ஓர் அறை.

திருச்செங்கோட்டில், மாடியில் ஏறினால் அர்த்தநாரீசுவரர் மலைக்கோயில் தெரியும் தெரு ஒன்றில் அவர்கள் குடியிருந்தார்கள். கூடம், சமையலறை போக இரண்டு அறைகள். முன்னறையில் கட்டில், பீரோ, ஏ.சி. பின்னறை காலி. அறை என்று அதைச் சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். பத்தடிக்கு எட்டடி. மேலே சிமென்ட் ஷீட். சித்திரை மாதத்து மத்தியானம் இட்லி மாவை அங்கே வைத்துவிட்டுப் போனால் திரும்பி வந்து இட்லியாகவே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு ஒரு கதவு இருந்தது. கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருந்தது. கல்யாணமாகி நான்கு வருடம் ஆன மனிதனுக்கு உள்தாழ்ப்பாளின் அருமை தெரியும். குளியலறையில் எவ்வளவு நேரம்தான் உட்கார முடியும்?

சிவபிரகாஷ் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் கம்பெனி ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்த்தான். வீட்டில் முதல் பட்டதாரி. எதையும் நோட்டில் எழுதிவைத்துத்தான் செய்வான். நாள் முழுக்க சத்தீஸ்கரிலிருந்தும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் வண்டி மேனேஜர்கள் போனில் கத்துவார்கள். "ராடு உள்ளயே மாட்டிக்கிச்சுங்க!" வீட்டுக்கு வரும்போது அவன் காதுக்குள்ளேயே ராடு மாட்டியிருக்கும். அதை வெளியே எடுக்க ஒரு பாட்டு வேண்டும் என்று நினைத்தான். அப்படித்தான் போன சனிக்கிழமை சேலம் அரிசிபாளையத்துக்குப் போய், ஒரு காலத்தில் மைக் செட் வைத்திருந்த வின்சென்ட் என்பவரிடமிருந்து அந்தப் பழைய பிளேயரைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"பெல்ட் கிடையாது சார். மோட்டார் தலைமேலயே தட்டு உக்காந்திருக்கு. அந்தக் காலத்து ஜப்பான் சரக்கு" என்றார் வின்சென்ட். பிறகு, மனசாட்சி உள்ளவர் என்பதால், "வேகம் மட்டும் அதோட இஷ்டத்துக்கு இருக்கும்" என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து போட்டதும் அந்த இஷ்டம் என்ன என்று தெரிந்தது. ஒரு அம்மாள் பாடிய பழைய முருகன் பாட்டு. முதல் வரி ஒழுங்காக வந்தது. இரண்டாவது வரி, கொல்லிமலை வளைவில் லோடு லாரி ஏறுவது போல முனகியது. மூன்றாவது வரி இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரி. பக்கத்து வீட்டு நாய் எழுந்து போய்விட்டது.

மறுநாள் ஞாயிறு காலை கோகிலவாணி ஒரு காகிதத்தை நீட்டினாள். பள்ளிபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் அவளுக்கு வேலை. டிப்ளமோ படித்தவள். பகுதிநேர பி.ஈ. படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். இடம் கிடைத்துவிட்டது.

"சந்தோசம்" என்றான் சிவபிரகாஷ். உண்மையாகவே சந்தோஷப்பட்டான். அந்தச் சந்தோஷம் ஒரு நிமிடம் நீடித்தது.

"படிக்கறதுக்கு எனக்கொரு ரூமு வேணுமுங்க. பின் ரூமை எடுத்துக்கறேன்."

"பின் ரூமா? அதுல என் பிளேயர் இருக்குதே!"

"கூடத்துல வெச்சுக்கங்க."

"கூடத்துல வெச்சா ஊரே கேக்கும். பாட்டுக்குக் கதவு வேணும்."

"படிப்புக்கும் கதவு வேணுமுங்க."

"அந்த ரூமு அடுப்பாட்டக் காயும் கோகிலா. உனக்கு ஒத்துக்காது."

"நான் மில்லுல நிக்கறவ. எனக்கென்னங்க வேக்காடு? பின் ரூமுதான் வேணும். முடிவாச் சொல்லிப்போட்டேன்."

முடிவாகச் சொல்லிவிட்டாள் என்றதும் சிவபிரகாஷுக்கு அந்த அறை இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிந்தது. அதுவரை அது ஒரு அறை. இப்போது அது அவன் உரிமை.

"இங்க பாரு. நான் முதல்ல போயிட்டேன் அந்த ரூமுக்கு."

"போயி என்னத்தக் கண்டீங்க? ஓடாத பிளேயருக்கு ஒரு ரூமா?"

"ஓடுது!"

"ஓடறதா அது? குடிச்சுப்போட்டு நடக்கறாப்பல இருக்குது."

"சின்னக் கோளாறு. ஒரே வாரத்துல நானே சரிபண்ணிருவேன்."

"பண்ணலீன்னா?"

"பண்ணலீன்னா ரூமு உனக்கு. பண்ணிட்டா ரூமு எனக்கு."

இந்த இடத்தில் கோகிலவாணி கொஞ்சம் யோசித்தாள். அவள் யோசித்ததை அவன் பயம் என்று எடுத்துக்கொண்டான்.

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"நான் எதுக்கு மாறறேன்? எழுதி வேணாலும் தாறேன்."

எழுதினான். மெக்கானிக் கை படக்கூடாது. கோகிலவாணி கையும் படக்கூடாது. ஞாயிறு நான்கு மணிக்குப் பக்கத்து வீட்டுச் சௌந்திரமக்கா வந்து கேட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். சௌந்திரமக்காவுக்கு அந்த முருகன் பாட்டு முழுசும் மனப்பாடம். கிருத்திகை தவறாமல் கோயிலில் பாடுகிற தொண்டை. பாட்டோடு சேர்ந்து பாடும்போது குரல் ஒட்டினால் வேகம் சரி. ஒட்டாவிட்டால் அறை போச்சு.

அப்படி வந்ததுதான் திங்கட்கிழமைச் சபதம்.

வேலையிலிருந்து வந்ததும் பின்னறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டான். வியர்வை உடனே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. பிளேயரின் தட்டைக் குனிந்து பார்த்தான். தட்டின் விளிம்பைச் சுற்றி நான்கு வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். பக்கத்தில் ஒரு குட்டிச் சிவப்பு விளக்கு. விளக்கு வெளிச்சத்தில் புள்ளிகள் அசையாமல் நிற்பதாகத் தெரிந்தால் வேகம் சரி, அதாவது நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்றுச் சொச்சம் என்று வின்சென்ட் சொல்லியிருந்தார். நான்கில் எந்த வரிசை என்று அவர் சொல்லவில்லை. இவனும் கேட்கவில்லை.

இதற்கெல்லாம் போனில் பதில் உண்டு. யூடியூபில் ஒரு அமெரிக்கக் கிழவர் அகப்பட்டார். வெள்ளைத் தாடி. அதே பிளேயர். அதே நான்கு வரிசை. மேலிருந்து இரண்டாவது வரிசையில் விரலை வைத்துக் காட்டினார். சிவபிரகாஷ் வீடியோவை மூன்று தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். நோட்டை எடுத்தான். 'மேலிருந்து இரண்டாவது வரிசை' என்று எழுதி, அடியில் சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டான். அவன் வாழ்க்கையில் சிவப்புக் கோடு போட்ட எதையும் மீறியதில்லை.

செவ்வாய்க்கிழமை வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழைக் கவனித்தான். வருடக்கணக்கான அழுக்கு உள்ளே இறங்கியிருக்கும் என்று கிழவர் சொன்னார். எலெக்ட்ரிக்கல் கடையில் வாங்கி வந்த கிளீனரை அதன் இடுக்கில் அடித்துவிட்டு, குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக ஐம்பது தடவை திருப்பினான். ஐம்பதையும் எண்ணினான். தட்டை ஓடவிட்டு முள்ளை வைத்தான்.

பாட்டு வந்தது. முனகல் இல்லை, பாய்ச்சல் இல்லை. அந்த அம்மாள் நிதானமாகப் பழனிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

சமையலறையிலிருந்து கோகிலவாணி ஓடிவந்து கதவைத் தட்டினாள். "ஏனுங்க! சரியாயிருச்சாட்டிருக்குது!"

"இரு, பாக்கறேன்."

"பாக்கறதுக்கு என்ன இருக்குது? காதுல கேக்குதே! அப்படியே விட்டுப்போடுங்க. இனி அதைத் தொடாதீங்க."

சிவபிரகாஷ் குனிந்து இரண்டாவது வரிசையைப் பார்த்தான். புள்ளிகள் எறும்புச் சாரை போலச் சரசரவென்று ஓடின. மூன்றாவது வரிசை மட்டும், போலீஸ் அணிவகுப்பு மாதிரி அசையாமல் நின்றது. அதைப் பற்றி நோட்டில் ஒன்றும் இல்லை. நமக்குச் சம்பந்தமில்லாத வரிசை நின்றால் என்ன, ஓடினால் என்ன?

பிறகு அவன் உட்கார்ந்து யோசித்தான். அவள் ஏன் 'விட்டுப்போடுங்க' என்கிறாள்? தோற்கப்போகிறவள் இத்தனை சந்தோஷமாகவா கதவைத் தட்டுவாள்? சூது. கோளாறு பாதியில் இருக்கும்போதே அவனை நிறுத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மாட்டிவிடப் பார்க்கிறாள்.

"இன்னும் சரியாகலை" என்று கதவின் இந்தப் பக்கமிருந்து கம்பீரமாகச் சொன்னான்.

அந்தப் பக்கம் கரண்டி ஒன்று கீழே விழுந்தது. பிறகு, "ஐயோ" என்று ஒரு சின்னக் குரல் கேட்டது. அதை அவன் தோல்வியின் குரல் என்று நோட்டில் குறித்துக்கொண்டான்.

புதன்கிழமை அவள் டீ கொண்டுவந்தபோது, இவளுக்கும் நாலு விஷயம் தெரியட்டும் என்று அவனுக்குத் தோன்றியது.

"இங்க பாரு கோகிலா. இந்த வெளக்கு எரிஞ்சுட்டே இருக்குதுன்னு நீ நெனைப்ப. அதான் இல்லை. கண்ணுக்குத் தெரியாத வேகத்துல மினுக்கி மினுக்கி எரியுது."

"அப்படிங்களா?"

"ஒரு மினுக்குக்கும் அடுத்த மினுக்குக்கும் நடுவுல ஒரு புள்ளி நகந்து, அடுத்த புள்ளி அதே எடத்துக்கு வந்துட்டா, நம்ம கண்ணுக்கு அது நிக்கறாப்பலத் தெரியும். சுத்தறது நிக்கறாப்பலத் தெரியும்! எப்படி?"

"அதிசயந்தானுங்க."

"இதெல்லாம் கொஞ்சம் விஞ்ஞானம். போகப் போகப் புரியும் உனக்கு."

"புரிஞ்ச வரைக்கும் போதுமுங்க. டீ ஆறுது."

அவள் போனதும், பிளேயரின் பின்பக்கம் ரப்பர் மூடி போட்ட துளைக்குள் சின்ன ஸ்க்ரூ டிரைவரை விட்டான். உள்ளே ஒரு பித்தளைத் திருகு. மோட்டாரின் அடிப்படை வேகத்தையே மாற்றுவது அதுதான். கிழவர் அதை எல்லோரும் தொட வேண்டாம் என்று சொல்லியிருந்தார். 'எல்லோரும்' என்பதில் தான் சேர்த்தியில்லை என்று சிவபிரகாஷ் முடிவுசெய்தான். முடியளவு முடியளவாகத் திருப்பினான். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. எறும்புச் சாரை மெதுவானது. தவழ்ந்தது. இரண்டாவது வரிசை நின்றேவிட்டது.

முள்ளை வைத்தான். வெற்றி பாடத் தொடங்கியது.

வெற்றிக்கு மீசை முளைத்திருந்தது. இதுவரை பாடிய அம்மாளைக் காணோம். அவள் இருந்த இடத்தில், தொண்டை கட்டிய ஒரு நடுவயது ஆள் தூக்கக் கலக்கத்தில் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். முருகனும் அவசரப்பட மாட்டார் என்று தோன்றியது.

கோகிலவாணி கதவருகே நின்றாள். "யாருங்க இந்த ஆம்பளை?"

"அதே பாட்டுத்தான்."

"நேத்துப் பொம்பளையா இருந்துதே! அர்த்தநாரீசுவரர் ஊருக்கு வந்ததுல பாட்டுக்கும் பாதி மாறிப்போச்சுங்களா?"

"இதுதான் அந்தம்மாவோட நெசமான குரல். இத்தனை நாளா தப்பான வேகத்துல கேட்டுட்டு இருந்தோம்."

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"புள்ளி நிக்குது பாரு. புள்ளி பொய் சொல்லாது."

சொல்லிவிட்டானே தவிர, அவனுக்கே அது நம்பும்படியாக இல்லை. வியாழக்கிழமை இசைத்தட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவிப் பார்த்தான். வேறு தட்டுகளைப் போட்டுப் பார்த்தான். ஆண் பாடகர்கள் கிணற்றுக்குள்ளிருந்து பாடினார்கள். நாதஸ்வரம், ரிவர்ஸ் எடுக்கும் டிப்பர் லாரி போல ஒலித்தது. ஒரே நாளில் தமிழ்நாட்டுச் சங்கீதம் முழுவதற்கும் சளி பிடித்திருக்க முடியாது. ஆனால் புள்ளிகள் நின்றன. பாறை போல நின்றன. சிவப்புக் கோடு போட்ட வரிசை.

"ஏனுங்க" என்றாள் கோகிலவாணி, முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே, யாருக்கோ சொல்வது போல. "அந்த மூணாவது வரிசையைத்தான் கொஞ்சம் பாருங்களேன்."

சிவபிரகாஷ் சிரித்தான். எதிரி இவ்வளவு பச்சையாகப் பொறி வைப்பாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

"உனக்கெதுக்கு அந்தக் கவலை?"

"சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன்."

நோட்டில் எழுதினான்: 'வியாழன். மூன்றாவது வரிசையைப் பார்க்கச் சொல்லித் தூண்டில். பார்க்கவில்லை.'

வெள்ளிக்கிழமை ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்து கூடத்தில் இறங்கியது. வரைபலகை வைத்த மேசை. காலும் பலகையும் தனித்தனியாக. கோகிலவாணி டேப்பை எடுத்து அதன் நீள அகலத்தை அளந்து ஒரு சீட்டில் எழுதிக்கொண்டாள். பந்தயம் முடிய இரண்டு நாள் இருக்கும்போதே மேசை வந்துவிட்டது! அறை தனக்குத்தான் என்று அவளுக்கு எத்தனை நிச்சயம்! சிவபிரகாஷுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

விசித்திரம் என்னவென்றால், அவளுக்கும் இறங்கவில்லை. பின்னறைக்கு மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"எப்படிங்க, தேவலைங்களா?"

"ஏன் கேக்கற?"

"ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆயிருமுங்களா?"

"ஆகும்."

"ஆகோணும்ங்க" என்றாள், உண்மையான கவலையோடு.

மோரை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தான்.

சனிக்கிழமை அலுவலகத்தில், எண்ணூறு அடி போட்ட கிணற்றை முப்பத்து மூன்று அடி என்று எழுதி முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். சாயங்காலம் கோகிலவாணி அவன் போனை எடுத்து அவன் கையிலேயே வைத்தாள். "வின்சென்ட் அண்ணனுக்கு ஒரு போன் போட்டு எந்த வரிசைன்னு கேட்டிருங்க. கேட்டாக் கை பட்டதாகாது. விதியில எடமிருக்குது."

ஒரு நொடி அவன் விரல் அந்தப் பெயரின் மேல் நின்றது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். இவ்வளவு ஆசையாக எதைச் செய்யச் சொல்கிறாளோ அதைச் செய்யவே கூடாது. வின்சென்டிடம் இவள் முன்னாலேயே பேசிவைத்திருந்தால்?

"தேவையில்லை" என்று போனைப் பையில் போட்டுக்கொண்டான்.

கோகிலவாணி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தாள். அதைப் பார்த்து அவனுக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

ஞாயிறு. மணி மூன்று.

சிமென்ட் ஷீட் மேலே படபடவென்று வெடித்தது. சிவபிரகாஷ் பனியனோடு தரையில் உட்கார்ந்து கடைசி ஒத்திகை பார்த்தான். புள்ளிகள் நின்றன. ஆள் பாடினார். சௌந்திரமக்கா வந்து இந்த ஆளோடு சேர்ந்து பாடுவதை நினைத்துப் பார்த்தான். அந்தக் கணீர்த் தொண்டையும் இந்தக் கட்டைத் தொண்டையும் எந்த ஊரிலும் ஒட்டாது.

ஒரு யோசனை வந்தது. குமிழை முழுக்கத் திருப்பிக் காதுக்குத் தோதாக வைத்துவிட்டால்? திருப்பிப் பார்த்தான். அந்த ஆளுக்கு வயது கொஞ்சம் குறைந்ததே தவிர, அம்மாள் வரவில்லை. புள்ளிகள் மட்டும் தெறித்து ஓடின. இன்னொரு யோசனையும் வந்தது. சௌந்திரமக்காவுக்குத் தெரியாத தட்டைப் போட்டுவிட்டால்? மொழி தெரியாத பாட்டுக்கு வேகம் யாருக்குத் தெரியும்? உடனே வெட்கமாகப் போய்விட்டது. பந்தயத்தில் தோற்கலாம், ஏமாற்றி ஜெயித்த அறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எப்படி உட்காருவது? குமிழைப் பழையபடி நடுவில் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தான்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு கோகிலவாணி உள்ளே வந்தாள். திரும்பி நின்று தாழ்ப்பாளைப் போட்டாள். ஒரு கையில் போன். மறு கையில் ஒரு துண்டுக் காகிதம்.

"இதைத் தட்டு ஓரத்துல ஒட்டுங்க. நான் தொட மாட்டேன்."

"எதுக்கு?"

"நிமிசத்துக்கு முப்பத்து மூணே கால் சுத்து, இன்னும் துளி சேத்தி. மூணு நிமிசத்துக்குச் சரியா நூறு. காகிதம் எத்தனை தடவை வருதுன்னு எண்ணுங்க. நான் மணி பாக்கறேன்."

மறுக்கக்கூட அவனுக்குத் தெம்பில்லை. ஒட்டினான். எண்ணினான். மூன்று நிமிடம் அவள் போனைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நிறுத்துங்க. எத்தனை?"

"எம்பத்து மூணு."

"நூத்துக்கு எம்பத்து மூணு."

"மார்க்கா இருந்தா டிஸ்டிங்ஷன்" என்றான்.

"இது மார்க்கு இல்லீங்க, மோட்டாரு. அந்த ரெண்டாவது வரிசைக்குப் பக்கத்துல அழுக்கைத் தொடைங்க. என்ன போட்டிருக்குது?"

விரலை எச்சில்படுத்தித் துடைத்தான். கடுகளவு எழுத்து. "அறுபது."

"மூணாவதுக்குப் பக்கத்துல?"

"அம்பது."

"அந்தத் தாடித் தாத்தா ஊட்டு கரண்டு நொடிக்கு அறுபது தடவை துடிக்கும், வெளக்கும் அந்தக் கணக்குலதான் மினுக்கும். நம்மூரு கரண்டுக்கு அம்பது. அவரு அவரோட வரிசையைக் காட்டுனாரு. நீங்க உங்க வெளக்குல அவரோட புள்ளியை நிறுத்தப் பாத்தீங்க. பிளேயரு செவ்வாக்கெழமையே சரியாயிருச்சுங்க. புதங்கெழமை நீங்கதான் கெடுத்தீங்க."

சிவபிரகாஷ் நோட்டைப் புரட்டிச் சிவப்புக் கோட்டைப் பார்த்தான். "உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"மில்லுல நூலு முறுக்கற கதிரு ஒவ்வொண்ணும் நிமிசத்துக்குப் பதினெட்டாயிரம் சுத்து சுத்தும். வேகம் சரியான்னு மினுக்கு லைட்டு அடிச்சுத்தான் பாக்கோணும். சுத்தற கதிரு நிக்கறாப்பலத் தெரியும். ஆறு வருசமா எனக்கு அதானுங்க வேலை."

"புதங்கெழமை நான் அத்தனை வெளக்கமாச் சொன்னப்ப, அப்படிங்களா அப்படிங்களான்னு கேட்டயே!"

"நல்லாச் சொன்னீங்க. தப்பே இல்லை."

"உன் வேலை இதுன்னு நீ சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே."

அவன் நோட்டை மூடிவைத்தான். வெளியே கூடத்துக் கடிகாரம் மூன்றரை அடித்தது.

"திருகைத் திருப்புங்க" என்றாள் அவள். "மூணாவது வரிசையைப் பாத்துட்டே. அவசரப்படாதீங்க. அக்கட்டால இல்லீங்க, இந்தப் பக்கம்!"

திருப்பினான். கை வழுக்கியது. மூன்றாவது வரிசை பின்னால் ஓடியது, தயங்கியது, தாண்டி முன்னால் ஓடியது. "போச்சு" என்றான். "போகலை, அரை முடி திருப்புங்க" என்றாள். அவளுக்கும் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. புள்ளிகள் நின்றன. மறுபடியும் எண்ணினார்கள். மூன்று நிமிடம். தொண்ணூற்று எட்டு, தொண்ணூற்று ஒன்பது.

"நூறு!"

இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கோகிலா. நாலு மணி வரைக்கும் நீ பேசாம இருந்திருந்தா ரூமு உன்னுது. எதுக்கு எனக்குச் சொல்லிக்குடுத்த?"

"நீங்க ஜெயிக்கோணும்னுதானுங்க."

 இந்த மனுஷியையா வாரம் முழுக்கச் சந்தேகப்பட்டோம்! மோரை வேறு முகர்ந்து பார்த்தோமே!

நான்கு மணிக்குச் சௌந்திரமக்கா வந்தார். வாசலிலேயே முந்தானையால் விசிறிக்கொண்டு, "என்னடா இது, ரூமா, சூளையா? சீக்கிரம் போடு சாமி, உசுரோட ஊடு போய்ச் சேரோணும்" என்றார்.

சிவபிரகாஷ் முள்ளை வைத்தான். அந்த அம்மாள் திரும்பி வந்துவிட்டாள். மீசை இல்லை, சளி இல்லை. சௌந்திரமக்கா கண்ணை மூடிக்கொண்டு கூடச் சேர்ந்தார். இரண்டு குரலும் ஒன்றுக்குள் ஒன்று போய், எது தட்டு, எது அக்கா என்று பிரிக்க முடியாமல் கடைசி வரி வரைக்கும் போயின.

"அட்சரம் பெசகலை" என்றார் கண்ணைத் திறந்து. "ரூமு உன்னுது சாமி. நீ ஜெயிச்சுட்ட."

சிவபிரகாஷ் எழுந்து நின்றான். வென்றவன் பெருந்தன்மையாக இருக்க வேண்டும்.

"கோகிலா, ரூமு என்னுதுதான். ஆனா பகல்ல உனக்கு வேணுமுன்னா..."

"வேண்டாமுங்க. ஜெயிச்சது ஜெயிச்சதுதான். முழுசா உங்களுக்கே. ஏனக்கா, அந்தத் தலைப்பைக் கொஞ்சம் புடிங்க."

கூடத்தில் கிடந்த மேசைப் பலகையை ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். பலகை பின்னறைப் பக்கம் திரும்பவில்லை. நேராக முன்னறைக்குள் போனது. ஜன்னலுக்கும் பீரோவுக்கும் நடுவில், ஏ.சி. காற்று நேராக இறங்கும் இடத்தில், டேப் வைத்து அளந்தது போல உட்கார்ந்தது. அளந்துதான் இருந்தாள். கட்டில் ஏற்கெனவே கழற்றப்பட்டுச் சுவரோரம் நிமிர்ந்து நின்றது.

"ஏய், இது நம்ம படுக்கற ரூமு!"

"ஊட்ல இருக்கறது ரெண்டு ரூமு. ஒண்ணு நீங்க ஜெயிச்சீங்க. மிச்சம் எத்தனைங்க?"

"பின் ரூமுதானே வேணும்னு ஒத்தக்கால்ல நின்ன!"

"முன் ரூமு வேணுமுன்னு கேட்டிருந்தாக் குடுத்திருப்பீங்களா?"

சிவபிரகாஷ் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். "மாட்டேன்" என்றான்.

"அதானுங்க கேக்கலை. நீங்க அந்த ரூமுக்குச் சண்டை போட்டு ஜெயிக்கறதுக்குள்ள எனக்கு உசுரு போயி உசுரு வந்துச்சு."

சௌந்திரமக்கா ஏ.சி.க்கு நேராக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இந்த ரூமு குளுகுளுன்னு இருக்குது கண்ணு, நல்லாப் படிப்பு ஏறும்" என்றார்.

சிவபிரகாஷ் கழற்றிய கட்டிலைப் பார்த்தான். மேசையைப் பார்த்தான். நடுவில் ஓர் ஆள் நீட்டிப் படுக்க இடமில்லை.

"அப்ப நான் எங்கே படுக்கறது?"

கோகிலவாணி ஒரு பாயையும் தலையணையையும் எடுத்து, வென்றவனுக்கு மாலை போடுவது போல இரண்டு கையாலும் நீட்டினாள்.

"ஜெயிச்ச எடத்துலதானுங்க."